ஒன்பது சென்டிமீட்டர்

அவளுக்கு வைத்த பெயரை ஊரில் யாரும் கூப்பிடுவதில்லை. சின்னவர்களுக்கு ‘சந்தேக அக்கா’, பெரியவர்களுக்கு வெறும் ‘சந்தேகம்’. புறவழிச் சாலையோரம் தகரக் கூரை போட்ட வண்டிப் பழுது பட்டறை, ஐம்பத்தொரு வயது, இடது கையில் எப்போதும் ஒரு கிரீஸ் துணி. பக்கத்துக் கட்டடத்தில் தையல் மெஷின் மிதிக்கும் அவள் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்: “கல்யாணத்தன்னைக்கு மாலையைக் கழட்டுறதுக்குள்ள என் வயசுக்கு ஆதாரம் கேட்டவ இவ. இன்னும் முழுசா நம்பல.”

அந்தச் சந்தேகம் பிறவியிலேயே வந்ததல்ல. பதினோரு வருடம் உதிரிபாகக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்றவள். ஒரே வண்டிக்கு முதல் வாரம் பேரிங் வாங்குவார்கள், அடுத்த வாரம் கிளட்ச் பிளேட், அதற்கடுத்த வாரம் ஷாஃப்ட். ஒருநாள், மெக்கானிக்குகள் ‘போயிடுச்சு’ என்று கழற்றி வீசிய பேரிங்குகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, மண்ணெண்ணெயில் கழுவி, விரலில் மாட்டிச் சுழற்றிப் பார்த்தாள். பத்தில் ஆறு வழுக்கிக்கொண்டு ஓடின. ஆறு வண்டிக்காரர்கள் இல்லாத நோய்க்கு மருந்து வாங்கியிருக்கிறார்கள்! ‘பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்ற பேச்சை அன்றோடு அவள் காதில் போட்டுக்கொள்வதை விட்டாள்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, மலைக் குடியிருப்புகளுக்கு மருந்து கொண்டுபோகும் அறக்கட்டளையின் பழைய ஜீப் பட்டறைக்கு வந்தது. இருபத்திரண்டு வயது வண்டி. கரடுமுரடான பாதையில் ‘ஃபோர் வீல்’ போட்டால் நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகும் வகை. கூடவே மூன்று பேர்: அறக்கட்டளை நிர்வாகி, நர்ஸ், ஐந்து வருடமாக அந்த வண்டியை ஓட்டும் டிரைவர். டிரைவர் முகத்தில் ஈயாடவில்லை.

நிர்வாகி கையில் தட்டச்சு செய்த காகிதம் ஒன்று தயாராக இருந்தது.

“மேடம், வண்டி அடியில பயங்கரச் சத்தம். தார் ரோட்டுலயும் ஃபோர் வீல் போட்டு ஓட்டி, விசை பிரிக்கிற பெட்டியையே காலி பண்ணிட்டான். டிரைவர் கவனக்குறைவுன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும். திங்கக்கிழமை கமிட்டி கூடுது, அன்னைக்கே இவன் கணக்கை முடிச்சிடலாம்.”

“சத்தியமா போடலக்கா. மலைப்பாதைல மட்டுந்தான் போடுவேன்” என்றான் டிரைவர்.

“சத்தியத்தை உன் பாக்கெட்லயே வச்சுக்க” என்றாள் அவள். “சார், உங்க காகிதத்தையும் வச்சுக்குங்க. மூணு பேரும் வண்டில ஏறுங்க.”

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. சத்தம் எப்படி என்று யாரையும் வாய் திறந்து சொல்ல விடமாட்டாள். வண்டியில் இருப்பவர்களை வெவ்வேறு இடத்தில் உட்கார வைப்பாள், ஆளுக்கொரு துண்டுச் சீட்டும் பென்சிலும் தருவாள். ஓட்டி முடிக்கும்வரை மூச்சு விடக்கூடாது. கேட்டதை எழுத வேண்டும், அவ்வளவுதான். “ஒருத்தன் வாயைத் திறந்தா போதும், மத்தவங்க காது அவன் பின்னால ஓடிடும். அதுலயும் அவன் சம்பளம் குடுக்குறவனா இருந்துட்டா ஓட்டமா ஓடும்” என்பாள். படித்தவர்கள் நிறைந்த எத்தனையோ அவைகளில் இந்த ஒரு சின்ன ஒழுங்கு இருந்திருந்தால் எத்தனை நிரபராதிகள் தப்பியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அவளே ஓட்டினாள். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அடியிலிருந்து ஓர் உறுமல் எழுந்தது. வேகம் கூடக் கூட அதுவும் கூடியது. கியரை நியூட்ரலில் தள்ளி, எஞ்சினை முணுமுணுக்க விட்டு, வண்டியைத் தானாக உருள விட்டாள். உறுமல் நிற்கவில்லை. சக்கரம் மெதுவானபோதுதான் அதுவும் மெதுவானது. ஆக, எஞ்சின் மேலும் கிளட்ச் மேலும் இருந்த சந்தேகம் போனது. மற்ற எல்லாவற்றின் மேலும் இருந்தது.

பட்டறைக்குத் திரும்பிச் சீட்டுகளைப் பிரித்தாள். பின் சீட்டில் இருந்த நர்ஸ் எழுதியிருந்தாள்: ‘நடு அடியில் மாவு மில் ஓடுகிற மாதிரி. நியூட்ரலிலும் கேட்டது.’ நிர்வாகி எழுதியிருந்தது: ‘முரட்டுத்தனமான ஓட்டம்.’

“முரட்டு ஓட்டம்னு காதுல ஒரு சத்தம் கேக்குமா சார்? கர்ருன்னா, கடக்குன்னா?”

நர்ஸ் சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மூன்றாவது சீட்டு டிரைவருடையது. ‘சத்தம் எதுவும் கேட்கவில்லை.’

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஜீப்புக்குப் போய் முன் சீட்டுக்குக் கீழிருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினாள். அதற்கடியில் கோணிச் சாக்கு. அதற்கும் அடியில் இன்னொரு சாக்கு. கியர் கம்பியைச் சுற்றிப் பழைய போர்வைத் துண்டு, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

“பாத்தீங்களா!” என்று துள்ளினார் நிர்வாகி. “திருட்டுப்பய.”

“எத்தனை மாசமா மூடி வச்சிருக்க?” என்று கேட்டாள் அவள்.

“எட்டு மாசம்க்கா.” அவன் தலை குனிந்தே இருந்தது. “எனக்கு முன்னாடி ஓட்டினவரு, பிரேக்ல சத்தம் வருதுன்னு எழுதிக் குடுத்தாரு. நீதான் கெடுத்தேன்னு சொல்லி அடுத்த மாசமே அனுப்பிட்டாங்க. ரெண்டு பிள்ளைங்கக்கா எனக்கு. இந்தச் சம்பளம் இல்லேன்னா வாடகை வீட்டுலயும் இருக்க முடியாது.”

நிர்வாகி கூரையைப் பார்த்தார். அந்தப் பேச்சு பொய்யில்லை என்று அதுவே சொல்லிற்று. நோயைச் சொன்னவனைத் தண்டித்தால், அடுத்தவன் நோயை மூடி வைப்பான். இதற்கு ஆராய்ச்சி வேண்டாம்.

வண்டியைக் கட்டைகளின் மேல் ஏற்றி, நான்கு சக்கரமும் அந்தரத்தில் சுழல, ஒரு நீண்ட இரும்புக் கம்பியின் ஒரு முனையை ஒவ்வொரு பாகத்திலும் வைத்து மறு முனையைக் காதில் வைத்துக் கேட்டாள். சக்கர பேரிங்குகள் நான்கும் அமைதி. பின் ஆக்ஸில் அமைதி. நடுவில் விசையை முன்னும் பின்னும் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில், முன்பக்கம் ஷாஃப்ட் புறப்படும் இடத்துப் பேரிங்தான் மாவு அரைத்தது.

“நான் சொன்னதுதானே மேடம்?”

“எதுங்கிறது சரி. ஏன்ங்கிறது?” என்றாள்.

வண்டியை இறக்கி, நான்கு சக்கர விசையைப் போட்டு, பட்டறை முற்றத்துச் சிமெண்ட் தரையில் நூல் பிடித்தாற்போல் நேராக முப்பது மீட்டர் ஓட்டினாள். நிறுத்தி, அந்த விசையை விடுவிக்க அதன் கியர் கம்பியைப் பழைய இடத்துக்குத் தள்ளப் பார்த்தாள். அசையவில்லை. பின்னோக்கி உருட்டியதும் ‘டொக்’கென்று விடுபட்டது. அவள் புருவம் ஏறியது.

“வளைச்சு ஓட்டினா இறுகும். நேரா ஓட்டினா இப்படி இறுகக் கூடாது. முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் போகலைன்னு அர்த்தம்.”

சாக்பீஸ் எடுத்தாள். முன் டயரில் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு. டயர் சரியாக ஒரு சுற்றுச் சுற்றும்வரை தள்ளச் சொல்லி, தரையில் அடுத்த கோடு. டேப்பை நர்ஸ் பிடித்தாள். இரண்டு மீட்டர் இருபத்தேழு. பின் டயர்: இரண்டு மீட்டர் முப்பத்தாறு.

“சுத்துக்கு ஒன்பது சென்டிமீட்டர். ஃபோர் வீல் போட்டு ஒரு கிலோமீட்டர் போனா முப்பத்தெட்டு மீட்டர் வித்தியாசம். முன்னும் பின்னும் ஒண்ணையொண்ணு இழுத்துக்கிட்டுப் போகுது, நடுவுல மாட்டிக்கிட்டு இந்தப் பேரிங் சாகுது. பின்னாடி இந்தப் பெரிய டயரை மாட்டினது யாரு?”

நர்ஸ்தான் மெதுவாகச் சொன்னாள், “சார்தான் வாங்கினாங்க. எட்டு மாசம் ஆச்சு.”

“டிராக்டர்ல பின்னாடி பெருசாத்தானே இருக்கு?” என்றார் நிர்வாகி. அறக்கட்டளைக்கு வருமுன் இருபது வருடம் டிராக்டர் விற்றவர் அவர். “மேட்டுல நல்லா ஏறும்னு நல்லதுக்குத்தான்...”

“டிராக்டருக்கு அந்த வித்தியாசத்தைக் கணக்குப் பண்ணிப் பல்சக்கரம் வச்சிருக்கான் சார். இந்த வண்டி பாவம், நாலு காலும் ஒரே நீளம்னு நம்பிக்கிட்டு இருக்கு.”

அறிக்கையை அவளே கையால் எழுதினாள், இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் சோதனைகள், பழுதான பேரிங், சாக்கும் போர்வையும். இரண்டாம் பக்கத்தில் டயர் அளவுகள், காரணம், மாட்டிய மாதம். படித்துப் பார்த்த டிரைவர் முதல் பக்கத்தில் விரலை வைத்தான்.

“சாக்கு விஷயத்தையும் எழுதணுமாக்கா?”

“அதை மறைச்சா மத்ததை எவன் நம்புவான்? நீ மறைச்ச. அது தப்பு. பெட்டியை நீ கெடுக்கல. ரெண்டும் உண்மை.”

திங்கட்கிழமை கமிட்டி கூடியது. அங்கிருந்து அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டு அரைமணி நேரம் குறுக்கு விசாரணை செய்தார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. சந்தேகப்படுகிறவர்களை அவளுக்கு எப்போதும் பிடிக்கும். முடிவில் டிரைவரின் வேலை தப்பியது. ஆனால் சாக்குக்காக அவனுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். டயருக்காக யாருக்கும் எந்தக் கடிதமும் இல்லை. நியாயம் நம் அலுவலகங்களில் மாடிப்படி ஏறுவதே இல்லை.

புது பேரிங்கும் ஒரே அளவில் நான்கு டயரும் மாட்டி வண்டி தயாரான அன்று, அந்தக் கடிதத்தோடு நிர்வாகி பட்டறைக்கே வந்தார். மருந்துப் பெட்டியோடு நர்ஸ் ஜீப்பில் காத்திருந்தாள்.

“இங்க ஒரு கையெழுத்துப் போடு, அப்புறந்தான் வண்டி கிளம்பணும்.”

டிரைவர் பேனாவை வாங்கினான். பானெட்டின் மேல் காகிதத்தை வைத்தவன் நிமிர்ந்தான்.

“மெக்கானிக் அறிக்கையையும் இதோட சேத்தாத்தான் சார் போடுவேன். நாளைக்கு இந்தக் கடிதத்தை மட்டும் படிக்கிறவங்க, பெட்டியைக் கெடுத்தது நான்னு நினைப்பாங்க.”

“அந்த வழக்கம் இல்லையேப்பா.”

“அப்போ நாளைக்குப் போடுறேன்.” பேனாவை மூடினான்.

ஜீப்பிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “மலையில நாப்பது பேரு உக்காந்திருக்காங்க சார், சீக்கிரம்.”

நிர்வாகி முனகிக்கொண்டே பையிலிருந்து அறிக்கையை எடுத்துக் கடிதத்தோடு குண்டூசி குத்தி நீட்டினார். டிரைவர் கையெழுத்துப் போடக் குனிந்தான். குனிந்தவன், என்ன நினைத்தானோ, காகிதத்தைப் புரட்டினான். இன்னொரு முறை புரட்டினான்.

“ரெண்டாம் பக்கம் எங்க சார்?”