தபீதாள் அளந்த வளைகள்

சத்தியநாதன் மஞ்சள் காமாலையில் செத்த பதினோராம் நாள், அவன் மனைவி தபீதாள் புத்தூரில் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனாள். அங்கே ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்த நாகபூஷணத்தைப் பார்க்க. அது 1979, ஜூலை மாசம்.

நாகபூஷணம் அப்போது அழுங்குக் கணக்கெடுப்பில் இருந்தார். அழுங்கு, உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில் மூடிய எறும்புத்தின்னி, பகலெல்லாம் வளைக்குள் சுருண்டு கிடக்கும் பிராணி. கண்ணில் படாது. அதனால் வளைகளைத்தான் எண்ண வேண்டும். புத்தூர்க் குன்றுகளில் அவருக்காக நடந்து எண்ணியவன் சத்தியநாதன். அந்த வேலை தனக்கு வேண்டும் என்றாள் தபீதாள். அவர் துக்கம் விசாரித்தார். அவள் அளவு டேப் எங்கே என்று கேட்டாள்.

மத்தியானம் போய் ஒவ்வொரு வளையின் வாயிலும் சாம்பலைச் சலித்துத் தூவுவாள். மறுநாள் காலையில் திரும்பப் போவாள். சாம்பலில் நகக் கீறலும் வால் இழுபட்ட கோடும் இருந்தால் உள்ளே அழுங்கு இருக்கிறது. இல்லாவிட்டால் நோட்டில் சுழி. வாயின் அகலம், பக்கத்தில் உடைபட்ட கரையான் புற்று, புதுமண் கிடக்கிறதா என்று எல்லாவற்றையும் எழுதுவாள்.

புருஷன் சாவுக்கு அவள் அழவில்லை என்று எங்கள் சபையில் பேசிக்கொண்டார்கள். அழுகை வரவில்லை, அவ்வளவுதான். சோறு தின்றால் ருசி தெரியவில்லை. காலில் முள் ஏறியதைக்கூட வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் பார்ப்பாள்.

முப்பத்தொரு வளைகளில் இரண்டில்தான் தடம் இருந்தது. நவம்பரில் ஏரிக்கு மேலே பாறையடி வளையில், பெரிய நகத்தடத்தை ஒட்டிச் சின்னத் தடமும் விழுந்திருந்தது. தாயும் குட்டியும். நாகபூஷணம் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்துச் சிரித்தார். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கொழுந்தன் ஏசுரத்தினம் சாப்பிட வந்தான். இன்னாத்துக்கு இப்படி வெயில்ல சுத்திக்கினு கீற, அந்தக் காட்டில் இன்னும் அழுங்கு இருக்கிறதா என்று கேட்டான். பாறையடியில் தாயும் குட்டியும் இருக்கிறது என்று, மழை பெய்தது என்பதுபோலச் சொல்லிவிட்டுக் குழம்பு ஊற்றினாள்.

வியாழக்கிழமை காலையில் அந்த வளையை வெட்டித் திறந்திருந்தார்கள். வாயில் புகை போட்ட கரி. மண்ணில் கடப்பாரைத் தடம். நாலைந்து ஓடுகள் சிதறிக் கிடந்தன. தபீதாள் குழியை அளந்தாள். அகலம் மூன்றடி, ஆழம் ஐந்தடி. எழுதிவிட்டு நேரே ஏசுரத்தினம் வீட்டுக்குப் போனாள். வாசலில் முறத்தில் ஓடுகள் காய்ந்துகொண்டிருந்தன.

“காட்டுல கெடந்தது தானே அண்ணி,” என்றான் அவன். “நாலு பேரு துன்னோம்.”

“குட்டி?”

“அதுவும்தான்.”

தாய் எவ்வளவு நீளம் என்று கேட்டாள். அவன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். அவள் டேப்பை எடுத்து அந்தக் கைகளுக்கு நடுவே பிடித்து அளந்தாள். அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

நாகபூஷணம் கொடுத்திருந்த தாளில் அழிவின் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நடந்ததை எழுதி, கடைசியில் ‘இடத்தைச் சொன்னது நான்’ என்றும் எழுதியிருந்தாள். அந்த வரி மட்டும் வேண்டாம் அம்மா, அடித்துவிடலாம் என்றார் அவர்.

“கட்டம் நீங்க போட்டதுதானே சார்,” என்றாள். “நடந்தத எழுதினேன்.”

அவர் அடிக்கவில்லை. அந்தத் தாளைப் பார்த்து வனத்துறை ஆட்கள் வந்து ஏசுரத்தினத்தைப் பிடித்துக்கொண்டு போய், மூன்றாம் நாள் விட்டார்கள். அதன்பிறகு புருஷன் வீட்டார் யாரும் அவளோடு பேசவில்லை. கோயிலில் அவள் உட்காரும் பெஞ்சு காலியாகவே இருக்கும். அவள் நடுவில் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு நோட்டில் ஏரி, பாறை என்று எந்த இடத்தின் பேரும் இல்லை. வளைக்கு நம்பர் மட்டும். எந்த நம்பர் எங்கே என்பது அவள் மண்டையில் இருந்தது. 1984இல் வேலை முடிந்தபோது நாகபூஷணமே வந்து இடங்களைக் கேட்டார். புத்தூர் தாலுகா என்று போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். அச்சான அறிக்கையில் அப்படித்தான் இருந்தது.

பிறகு அவள் எங்கள் மிஷன் விடுதியில் சமைக்க வந்தாள். அந்தக் குன்றுகளில் இன்னும் அழுங்கு இருக்குமா என்று ஒருநாள் கேட்டேன். தெரியாது என்று சொல்லிவிட்டு அவரைக்காயை நறுக்கினாள்.