சோறு பொங்கி வாங்கின பட்டம்

தாமிரபரணியில் அந்தப் பெருவெள்ளம் வந்தது ஐப்பசிக் கடைசியில். தீபாவளிப் பலகாரம் தீர்ந்து, டப்பாவில் முறுக்குத் தூள் மட்டும் கிடந்த நேரம். குறுக்குத்துறையில் முருகன் கோவிலே தண்ணீருக்குள் போய்விட்டது. கரையோர மண்டபத்தில் நாங்கள் கவிழ்த்து வைத்திருந்த அண்டாக்களையும் ஆறு கொண்டுபோனது. ஒன்று ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் ஒதுங்கிக் கிடப்பதாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. ஆறு எடுத்ததைத் திரும்பக் கேட்டு வாங்குவது எனக்குப் பிடிக்காது. மனிதன் எடுத்ததென்றால் விடமாட்டேன், அது வேறு.

அந்த வெள்ளம் வடிந்து தெருவில் சேறு காய்வதற்குள் என் மகள் ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். புருஷன் வீட்டை விட்டு வந்தாள் என்று ஊர் சொன்னது. அனுப்பினார்கள் என்பதுதான் உண்மை.

நான் கல்யாண வீட்டுச் சமையல்காரன். எங்கள் பக்கத்தில் தவசிப்பிள்ளை என்பார்கள். பள்ளிக்கூடத்துக்குள் நான் நுழைந்ததெல்லாம் அங்கே ஏதாவது பந்தி நடந்தால்தான். இதையும் நான் சொல்ல, இன்னொருவர்தான் எழுதுகிறார். ஆனாலும் கல்யாணக் கார்டுகளை நிறையப் பார்த்தவன். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு அச்சாரம் பேசினாலும் முதலில் கார்டைத்தான் நீட்டுவார்கள். அதில் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து வைத்துச் சில எழுத்துகள் வரும். அது படித்த படிப்பு. எழுத்துத் தெரியாவிட்டாலும் அந்த அடையாளம் எனக்குத் தெரியும். கார்டில் அது அதிகமாக இருக்கிற வீட்டில் அவியலில் குற்றம் சொல்ல ஆளும் அதிகமாக இருக்கும்.

என் மகளை அவனுக்குக் கொடுத்தபோது அவன் பி.ஏ. முடித்துவிட்டு ஆற்றங்கரையில் சீட்டாடிக்கொண்டிருந்தான். அவள் பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறி நின்றவள் என்பது அப்போது அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. பிறகு அவன் பி.எட். முடித்தான், வாத்தியார் வேலை கிடைத்தது. உடனே தெரிந்துவிட்டது.

அவன் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. கார்டு அடித்தார்கள். ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று போட்டு, மாமா, அத்தை, சித்தப்பா, சித்தி என்று வரிசையாகப் பெயர்கள். எல்லாப் பெயருக்குப் பின்னாலும் புள்ளி எழுத்துகள். என் மகள் பெயர் மட்டும் இல்லை. அவன் பெயர் தனியாக நின்றது, பெண்டாட்டி செத்தவன் பெயர் மாதிரி. ஏன் என்று இவள் கேட்டிருக்கிறாள்.

“பேருக்குப் பொறவு ஒண்ணுமில்லாம மொட்டையா நிக்கும், பாக்க நல்லாருக்காதுட்டி,” என்றிருக்கிறான் அவன்.

அவன் அம்மா சும்மா இருந்தாளா? “போடணும்னா பத்தாப்பு ஃபெயிலுன்னு போடுவோம். போடச் சொல்லுதியா?” என்றிருக்கிறாள். பேச்சு முற்றி, பெட்டியைத் தெருவில் வைத்துவிட்டார்கள்.

அந்தக் கார்டை மகள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். நான் அதை வாங்கி அடுப்படிச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன்.

“எதுக்குப்பா அது அங்கன?”

“கெடக்கட்டும். நான் மறந்திரக் கூடாதுல்லா.”

அதற்கப்புறம் அவளைக் கல்யாண வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டில் இருந்தால் அழுவாள். அவள் அம்மா முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டாள், தம்பிக்காரன் பகலெல்லாம் வெளி வேலைக்குப் போய்விடுவான், தேற்றவும் ஆளில்லை. சின்ன வயதிலிருந்தே என் பக்கத்தில் நின்றவள்தான். சொதிக்குத் தேங்காய்ப்பால் எடுக்கிறதில் அவள் கை என் கையைவிடச் சுத்தம். முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கட்டுகிற நேரம் பார்த்து இறக்கவேண்டும். கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். எத்தனை தவசிப்பிள்ளைகள் அந்த இடத்தில் மானத்தை விட்டிருக்கிறார்கள்! சரி, அந்தக் கதை வேண்டாம்.

மேலப்பாளையத்தில் எனக்கு ஒரு பாய் சிநேகிதம். அவர் பிரியாணி மாஸ்டர். எங்கள் இரண்டு பேருக்கும் வாடகைப் பாத்திரம் ஒரே கடையில்தான். ஒருநாள் அங்கே அண்டாவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார்: “எங்க தம்பி மக வீட்டுக்குள்ள இருந்துகிட்டே பி.ஏ. படிக்கா அண்ணாச்சி.”

“காலேசுக்குப் போகாமலா?”

“ஞாயித்துக்கிழமை மட்டும் பாளையங்கோட்டைல வகுப்பு. பொஸ்தகம் தபால்ல வருது. ஓப்பன் யுனிவர்சிட்டின்னு சொல்லுதாங்க. பத்தாப்பும் வேண்டாம், பன்னெண்டாப்பும் வேண்டாம். மொதல்ல ஒரு பரிச்சை. அதுல தேறிட்டா நேரா பி.ஏ.”

“பத்தாப்புல தவறினவளயும் சேப்பானா?”

“தவறினத யாரு கேட்டா? வயசைத்தான் கேப்பான்.”

அன்றைக்கு நான் பாத்திரம் எடுக்காமலே வீட்டுக்கு வந்தேன். சந்தோஷத்தில் இல்லை. பழி வாங்க ஒரு வழி கிடைத்தவன் எப்படி வருவானோ அப்படி வந்தேன்.

மகள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “எனக்குக் கணக்கு வராதுப்பா. திரும்பியும் தவறினா ஊரு சிரிக்கும்.”

“இப்ப மட்டும் அழுதுக்கிட்டா இருக்கு? சிரிச்சுக்கிட்டுதான் இருக்கு. எழுது.”

எழுதினாள். பாளையங்கோட்டையில் ஒரு காலேஜில் அந்த நுழைவுப் பரீட்சை. நான் வாசலில் வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே போனவர்களில் பாதிப்பேர் என் வயதை நெருங்கியவர்கள். ஒரு கண்டக்டர் காக்கிச் சட்டையோடே போனார். கைக்குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஒருத்தி போனாள். இத்தனை பேருக்கும் ஒவ்வொரு அடுப்படியில் ஒவ்வொரு கார்டு மாட்டியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன். அவள் தேறிவிட்டாள். கணக்குக் கேள்விகள் சந்தைக்குப் போய்வருகிற மாதிரிதான் இருந்தன என்றாள்.

பிறகு மூன்று வருஷம். பகலில் என்னோடு வேலை, மிச்ச நேரத்தில் புத்தகம். கண் அசந்தால் நான் சுவரைக் காட்டுவேன். புகை படிந்து கார்டு கறுத்துக்கொண்டே வந்தது.

“அதக் கிழிச்சுப் போடுங்கப்பா. அதப் பாத்தா எனக்குப் படிக்க ஓட மாட்டேங்கு.”

“எனக்கு அதப் பாத்தாத்தான் சோறு எறங்குது.”

“படிக்கது நான்லா?”

படிப்பது அவள்தான், ஒத்துக்கொண்டேன். கார்டை மட்டும் எடுக்கவில்லை.

நடுவில் உணவுப் படிப்பு என்று இன்னொன்றையும் சேர்த்துப் படித்தாள். கீரையில் இரும்பு இருக்கிறதாம், பருப்பில் இன்னொன்று இருக்கிறதாம். “இரும்பு சட்டியிலல்லா இருக்கு?” என்றேன். சிரித்தாள். வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு அவள் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான். அந்தப் படிப்பில் செய்முறை உண்டு, ஆனால் இவள் வருஷக்கணக்கில் கல்யாணச் சமையலில் நின்றவள் என்று தெரிந்ததும் செய்முறைக்கு வரவேண்டாம், அந்த அனுபவமே போதும், பரீட்சை மட்டும் எழுது என்று சொல்லிவிட்டார்களாம். பி.ஏ. படிக்கிறவளுக்கு இது எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்து, “முடிஞ்சிட்டுப்பா,” என்று செருப்பைக் கழற்றினாள். எனக்கு அது போதும். எழுதி முடித்தால் பட்டம் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முடிவு என்று ஒன்று பிறகு வரும் என்பதெல்லாம் எனக்கு யார் சொன்னது? அந்தச் சமயம் என் மகனுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. மறுநாள் காலையில் அச்சாபீசில் போய் நின்றேன்.

நல்வரவை விரும்பும் இடத்தில் மகள் பெயரைச் சொன்னேன். அச்சாபீஸ்காரர், “மருமகன் பேரு அண்ணாச்சி?” என்றார்.

“அது வேண்டாம்.”

“வேண்டாமா?”

“வேண்டாம்வே. எம் மக பேருக்குப் பொறவு பி.ஏ. போடும். பெருசாப் போடும்.”

“கல்யாண மாப்பிள்ள பேரைவிடப் பெருசாவா?”

“ஆமா.”

கார்டைப் பார்த்த என் மகன், “கல்யாணம் எனக்கா, அக்காளுக்கா?” என்று கேட்டான். நியாயமான கேள்விதான்.

கார்டு வைக்க ஆழ்வார்திருநகரிக்கு நானே போனேன். தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், பழம் எல்லாம் வைத்து, அவர்கள் தெருவில் வீடுவீடாகக் கொடுத்தேன். அவர்கள் வீட்டுக்கு வலப்பக்கத்து வீட்டில் கொடுத்தேன், இடப்பக்கத்து வீட்டில் கொடுத்தேன், எதிர் வீட்டில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்துக் கொடுத்தேன். அவன் அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அவர்கள் வீட்டுப் படி ஏறாமல் நடந்து பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். அவர்களுக்குத் திருநெல்வேலியிலிருந்து தபாலில் அனுப்பினேன். சம்பந்தி வீட்டுக்குத் தபாலில் கார்டு போவதென்றால் எங்கள் பக்கத்தில் அது செருப்பால் அடித்த மாதிரி. அன்றைக்கு இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

வரமாட்டார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள், அவனும் அவன் அம்மாவும். முகூர்த்தம் முடிந்து முதல் பந்திக்கு இலை போடுகிற நேரம். மகன் கல்யாணத்தில் நான் அடுப்பைத் தொடக்கூடாது என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் கோட்டை அடுப்புப் பக்கம்தான் நின்றேன். அவன் கார்டைப் பிடித்துக்கொண்டு நேராக அங்கேயே வந்துவிட்டான்.

“மாமா, பொய் அச்சடிக்கதுக்கும் ஒரு அளவு இருக்கு.”

“என்ன பொய்?”

“அந்தப் படிப்பு மையத்துல எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கான். ரிசல்ட் வந்துட்டு. விசாரிச்சிட்டுத்தான் வாறேன். உங்க மகளுக்கு ஒரு பேப்பர்ல மார்க்கே இல்ல. எழுதவே இல்ல. பி.ஏ.ன்னு போட்டிருக்கீங்களே, எப்படி?”

தேங்காய் துருவுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். பந்திக்குப் போகிறவர்களும் நின்று பார்த்தார்கள். அவன் அம்மா, “பத்தாப்புல ஒண்ணு, இதுல ஒண்ணு. ராசி அப்படி,” என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

எனக்கு உடம்பெல்லாம் ஆவி பட்ட மாதிரி இருந்தது. அவள் எழுதவில்லையா? நான்தான் அவசரப்பட்டு அடித்துவிட்டேனா? அவனை வெட்ட எடுத்த அரிவாளால் என் பிள்ளையையே வெட்டிவிட்டேனா? தம்பி கல்யாணத்தில் நாத்தனார் முடிச்சுப் போட்டுவிட்டு, பட்டுச் சேலையோடு அவள் அங்கே வந்தாள். அவன் கையிலிருந்த கார்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் எனக்கும் சேர்த்துத்தான் இருந்தது.

“ஒரு பேப்பர் நான் எழுதலதான்,” என்றாள். “எழுத வேண்டாம்னு அவங்களே சொன்னாங்க. நான் தனியா உணவுப் படிப்புல பரிச்சை எழுதித் தேறுனேன்லா, அதை இந்தப் பேப்பருக்குப் பதிலா எடுத்துக்கிட்டாங்க. உங்க ஆளுகிட்ட மார்க்கை மட்டும் கேட்டிருக்கிய. பட்டம் உண்டா இல்லையான்னு கேக்கலயே?”

அவன் முகம் மாறியது. வாத்தியார் அல்லவா, சட்டென்று புரிந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. “அப்போ சோறு பொங்கி வாங்குன பட்டம்னு சொல்லு,” என்றான். அவன் அம்மா சிரித்தாள்.

“ஆமா,” என்றாள் என் மகள். “பொங்குன சோறு ஆறுது. போய் எலையில உக்காருங்க.”

துருவுகிறவர்களில் ஒருத்தி முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். அவன் போய் உட்கார்ந்தான். சாப்பிடாமல் வெளியே போனால் தோற்றதாகிவிடும் என்று உட்கார்ந்திருப்பான். அவன் செய்த பிசகு அது. நான் பரிமாறுகிறவனிடமிருந்து சோற்று வாளியை வாங்கிக்கொண்டேன்.

“மாப்பிள்ள, இது எம் மக பட்டம் வாங்குன சோறு. நல்லாச் சாப்பிடுங்க,” என்று ஒரு கரண்டி வைத்தேன். பந்தியே திரும்பிப் பார்த்தது. போதும் என்று கையை மறித்தான். கைக்கு மேலேயே வைத்தேன். பக்கத்து இலைக்காரர் அவர்கள் எதிர் வீட்டுக்காரர், எனக்கு மோர் கொடுத்தவர். “என்ன சோறு அண்ணாச்சி?” என்று கேட்டார். அவருக்கும் விளக்கமாகச் சொல்லிக்கொண்டே இன்னொரு கரண்டி வைத்தேன். பாயசம் வரைக்கும் நான் அந்த இலையை விட்டு நகரவில்லை. பந்தியில் பாதியில் எழுந்திருக்க முடியாது. அவன் தின்றான். வாழ்நாளில் நான் பரிமாறியதில் எனக்கு ருசித்த சாப்பாடு அதுதான்.

பெரியவர்கள் சிலர் ஆள் விட்டுப் பார்த்தார்கள். பட்டம்தான் வந்துவிட்டதே, சேர்ந்து வாழட்டும் என்றார்கள். நான் வாயைத் திறக்குமுன் மகள் சொல்லிவிட்டாள்: “பட்டத்தோட வாழணும்னா அவங்க சுவத்துல சட்டம் போட்டு மாட்டிக்கிடட்டும். நான் வரல.” பிறகு என்னைத் தனியாக அழைத்து, “அப்பா, நான் படிச்சது கார்டுல அடிக்கதுக்கு இல்ல. இனிமே என்னக் கேக்காம எம் பேர எங்கயும் போடாதீங்க,” என்றாள். சரி என்று தலையாட்டினேன். இப்போதும் அவள் பெயரைச் சொல்லாமல்தான் இதைச் சொல்லுகிறேன்.

அவள் பெண்கள் விடுதி ஒன்றில் காப்பாளராகப் போனாள். சாப்பாட்டுப் பட்டியல் போடுகிறதும் அவள்தான். நன்றாக இருக்கிறாள். அவனைப் பற்றிக் கேட்டால், “யாரு?” என்கிறாள். உண்மையாகவே மறந்துவிட்டாள். எனக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

ஏனென்றால் அவன் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறான். கல்யாண வீடுகளில், டீக்கடையில், பள்ளிக்கூடத்து வாத்தியார்களிடத்தில், “அவ பரிச்சை எழுதல, சோறு பொங்கிப் பட்டம் வாங்குனா,” என்கிறானாம். போகிற இடத்தில் யாராவது ஒருவர் வந்து என்னிடம் சொல்லுகிறார். எனக்கு வயதாகிவிட்டது, அவன் ஊருக்கு பஸ் ஏறி வீடுவீடாகப் போக முழங்கால் விடமாட்டேன் என்கிறது. அதனால் இதைப் படிக்கிறவர்களிடமும், படிக்கச் சொல்லிக் கேட்கிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஆழ்வார்திருநகரிப் பக்கம் கல்யாணத்துக்கோ கோவிலுக்கோ போனால் இதைப் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லுங்கள். உள்ளே நுழையப் பரீட்சை எழுதினாள். மூன்று வருஷமும் பரீட்சை எழுதினாள். சோற்றுக்கும் தனியாகப் பரீட்சை எழுதித்தான் தேறினாள். இதைப் பையச் சொல்ல வேண்டாம், கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். அவன் அந்தப் பந்தியில்தான் எங்கேயாவது உட்கார்ந்திருப்பான்.