தங்கம் டீச்சரின் வளர்ப்பு மகள்

தந்தி பள்ளிக்கூடத்துக்குத்தான் வந்தது. எருத்தேன்பதியில் தந்தி என்றாலே சாவுச் செய்திதான். நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த வகுப்புக்கே ஹெட்மாஸ்டர் கொண்டுவந்து கொடுத்தார். பெயரைப் பார்த்தேன். என் பெயர் இல்லை. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் பூங்கொடியின் பெயர். தேவிகுளத்தில் தங்கம் டீச்சர் காலமாகிவிட்டார். அழுகைக்கு முன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. வருஷக்கணக்கில் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டவள் நான். தந்தி மட்டும் மகளுக்கா?

அவரை அறிந்தவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். எனக்கு அவர் மேல் பொறாமை என்பது அவருக்கே தெரியும். "உங்க கண்ணு பட்டுத்தான் டீச்சர் எனக்குத் தலைவலி" என்று சிரிப்பார். தேவிகுளம் பள்ளியின் தகரக் கூரையில் மழை கொட்டும்போது என் வகுப்பில் பாடம் நின்றுபோகும். பக்கத்து வகுப்பில் அவர் கதை சொல்வது மட்டும் கடைசி பெஞ்சு வரை கேட்கும். என் வகுப்புப் பிள்ளைகளும் அந்தப் பக்கமே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இருவரும் சர்க்கார் ஆசிரியைகள். என் கணவர் எருத்தேன்பதியில் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குழந்தையோடு தேவிகுளத்தில் வாடகைக்கு இருந்தேன். தங்கம் டீச்சரின் கணவர் சண்முகவேல் தேயிலை ஃபாக்டரியில் இலை வாட்டும் மாடியில் வேலை பார்த்தார். டீச்சராகிவிட்டு ஒரு தொழிலாளியைக் கட்டிக்கொண்டு எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் இருக்கிறாரே என்று ஸ்டாஃப் ரூமில் கிசுகிசுப்பார்கள். அவர் அசரவே மாட்டார். "சம்பளத்துக்கு சர்க்கார், சளிக்கு எஸ்டேட்" என்பார். தொழிலாளியின் குடும்பத்துக்கு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் எல்லா வைத்தியமும் இலவசம் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

எங்களுக்கு இருந்தது வேறு ஏற்பாடு. முதலில் கைக்காசைப் போட்டு வைத்தியம் பார்க்க வேண்டும். பிறகு டாக்டர் சர்டிபிகேட்டோடு பில்லை மேலாபீசுக்கு அனுப்ப வேண்டும். அது ஏதாவது ஒரு கேள்வியோடு திரும்பி வரும். காய்ச்சல் தலைவலிக்கு அது போதும். பூங்கொடிக்கு இழுப்பு வந்தபோதுதான் போதாது என்று தெரிந்தது. மூன்று வயதுக் குழந்தை பனியில் மூச்சுக்குத் திணறும்போது சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எஸ்டேட் டிஸ்பென்சரியோ கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆனால் பேர் பதிந்தவர்களுக்குத்தான் மருந்து.

எஸ்டேட் நடத்திய பள்ளியில் ஓர் இடம் காலியானது. அதில் சேர்ந்தால் ஆஸ்பத்திரி கிடைக்கும். சர்க்கார் வேலையும் பென்ஷனும் போய்விடும். ராஜினாமா எழுதுவது என்று முடிவு செய்தேன். தங்கம் டீச்சர் தடுத்தார்.

"வேலைய விட்டுராதீக டீச்சர். புள்ளைய எங்க வளர்ப்பு மகளா எழுதிக் குடுத்திருவோம். வளர்ப்புப் புள்ளைக்கும் வைத்தியம் உண்டு."

"பொய்யில்லீங்களா அது?"

"மூச்சு முட்டுறது நெசந்தானே?"

அவருக்குக் குழந்தை இல்லை. எனக்குச் சுருக்கென்றது. என் கணவர் ஊரிலிருந்து வந்து குதித்தார். "ஏம்புள்ள, நம்ம கொழந்தைய இன்னொருத்தர் பேர்ல எழுதறதா? சொந்தக்காரங்க கேட்டா நான் என்னன்னு சொல்றது?" "கொழந்த இருந்தாத்தானுங்க யாரும் கேப்பாங்க" என்றேன். மறுநாள் சண்முகவேல் அண்ணன் எஸ்டேட் ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

டிஸ்பென்சரியில் குழந்தை உளறிவிடக் கூடாதே என்று நாங்களே அவளைப் பழக்கினோம். அங்கே தங்கம் டீச்சர் அம்மா, நான் டீச்சர். கெட்டிக்காரக் குழந்தை, ஒரு தடவை கூடத் தவறவில்லை. தவறியது வீட்டில்தான். "டீச்சர், பசிக்குது" என்று என் முந்தானையைப் பிடித்து இழுப்பாள். ஊசி போடும்போது அவர் மடி. கசப்பு மருந்து ஊட்டும்போது மட்டும் நான். மருந்தை முழுங்கியதும் அவர் பக்கம் தாவிவிடுவாள். அந்தக் கைகளை எத்தனையோ முறை பிரித்து எடுத்திருக்கிறேன். எனக்கு வயிறு எரியும். என் பெண் பிழைத்துக்கொண்டிருக்கிறாள் என்று பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டியவள், அவள் யார் மடியில் பிழைக்கிறாள் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். "கோவிச்சுக்காதீக டீச்சர், சீக்கு தீருற வரைக்குந்தான் நான் அம்மா" என்று ஒருநாள் அவரே சொன்னார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சீக்கு தீர்ந்தது. எனக்கு எருத்தேன்பதிக்கு மாற்றல் கிடைத்தது. பூங்கொடி என்னை மறுபடி அம்மா என்றாள். ஆனால் அவரையும் விடவில்லை. லீவு விட்டால் தேவிகுளம் போக வேண்டும் என்று அடம் பிடிப்பாள். அனுப்பிவிட்டு, திரும்பி வருகிறவரை நான் யாரிடமும் சிரித்துப் பேசியதில்லை.

தந்தி கண்டு நாங்கள் தேவிகுளம் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. லைன் வீட்டு வாசலில் பெண்கள் எழுந்துகொண்டார்கள். "மக வந்துட்டா, வழி விடுங்க" என்று பூங்கொடியை உள்ளே இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் வெளியிலேயே நின்றேன். ஒரு பாட்டி என்னைப் பார்த்து, "நீங்க யாரும்மா, புள்ளையக் கூட்டிட்டு வந்தவுகளா?" என்றார். சண்முகவேல் அண்ணன் திண்டாட்டத்தோடு என்னையே பார்த்தார். எழுதிக் கொடுத்தது பொய் என்று தெரிந்தால் அவர் வேலை போய்விடும்; அன்றைக்கு அது என் வாயில் இருந்தது. "ஆமாங்க, கூட்டிட்டு வந்தவதானுங்க" என்றேன். இப்போது எழுதுவதில் கெடுதல் இல்லை; அவர் எஸ்டேட்டில் கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

திரும்பும்போது உடுமலைப்பேட்டை பஸ்ஸில் பூங்கொடி அழுது ஓய்ந்து என் மடியில் தூங்கிவிட்டாள். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். இவ்வளவு அழுதும் இழுப்பு இல்லை. மூச்சு சீராக ஏறி இறங்கியது. தங்கம் டீச்சர் விட்டுப்போனதில் நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த மூச்சைத்தான். அன்று அவர் எங்கிருந்தாவது பார்த்திருந்தால், அவருக்கு என் மேல் பொறாமையாக இருந்திருக்கும்.