முனியாண்டி சோலையும் துரைசாணியின் சப்பாத்தும்

நடந்தது இவ்வளவுதான்:

1. பசறைப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து அருவியைப் பார்க்கத் துரையின் விருந்தாளிகள் வந்தார்கள்.
2. இடையில் நிற்கும் முனியாண்டி சோலை அருவியை மறைக்கிறது என்றார்கள்.
3. சோலையை வெட்டச் சொல்லிக் கங்காணிக்கு உத்தரவு வந்தது.
4. என் அம்மா ஒரு துரைசாணியின் சப்பாத்தைக் கழற்ற வைத்தாள்.

நான்காவதை நினைத்தால் எனக்கு இன்றும் தலை நிமிர்கிறது.

காட்டை அழித்துத் தேயிலை நட்டபோது முனியாண்டிக்கென்று விட்டுவைத்த துண்டு அது. சாமிக் கல்லுக்குக் கீழே ஓர் ஊற்று. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு அங்கிருந்துதான் பீலியில் தண்ணீர் விழும். சோலைக்குள் யாரும் செருப்போடு போகக்கூடாது. எங்களில் யாருக்கும் செருப்பே இல்லாததால் அந்த விதியை ஒருவரும் மீறியதில்லை.

வெட்ட வேண்டிய மரங்களைக் காட்டத் துரை வந்தார். விருந்தாளித் துரைசாணியும் கூட வந்தாள். பக்கத்து மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா, கூடையை இறக்கிவிட்டு வழியில் வந்து நின்றாள். துரைசாணியின் சப்பாத்தைக் கைகாட்டினாள்.

கங்காணி ஓடி வந்தார். “ஏ புள்ள, வழிய விடு. பத்துச்சீட்டு வாங்கிக்கிட்டுப் போகணுமா ஒனக்கு?”

“சாமி எடங்க, கங்காணியாரே. அட்டைக்குப் பயமா இருந்தா நான் சுண்ணாம்பு தடவி விடுறேன்னு சொல்லுங்க.”

துரைசாணி சிரித்துக்கொண்டே கழற்றினாள். அம்மா வெற்றிலைப் பையிலிருந்த சுண்ணாம்பை எடுத்து அவள் கால்களில் பூசினாள். துரையும் வேறு வழியில்லாமல் கழற்றினார். அவர் சுண்ணாம்பு கேட்கவில்லை. அட்டைகள் அவரை நன்றாகவே கவனித்துக்கொண்டன.

உள்ளே அம்மா துரைசாணியின் கையைப் பிடித்து ஊற்றில் நனைத்தாள். மரத்து வேரைத் தொட்டுக் காட்டினாள். பிறகு கீழே தெரிந்த லயத்தைக் காட்டினாள். கங்காணி மொழிபெயர்க்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. துரைசாணி துரையிடம் வெகுநேரம் பேசினாள். துரை கால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

அன்று மாலை அப்பா கம்பளிகளையும் சட்டி பானைகளையும் மூட்டை கட்டினார். பதுளைத் திருவிழாவுக்குப் போகிறோம் என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். விடிந்ததும் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் வழக்கம்போல அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். சோலையைச் சுற்றிப் பாதை போடும் வேலையாம். அப்பா மூட்டையை அவிழ்த்தார். திருவிழா போய்விட்டதே என்று நான் அழுதேன். அம்மா ஏன் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு சிரித்தாள் என்று புரியவில்லை. பத்துச்சீட்டு வந்தால் வேலையும் குடியிருக்கும் காம்பராவும் ஒன்றாகப் போய்விடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

இப்போது நான் பயிற்சி முடித்துப் பதுளையில் மருத்துவச்சியாக இருக்கிறேன். சோலை அப்படியே நிற்கிறது. பீலியில் தண்ணீர் வருகிறது. அருவி பார்க்க வருகிறவர்கள் சுற்றுப்பாதையில் நடக்கிறார்கள். உள்ளே போகிறவர்கள் சப்பாத்தைக் கழற்றுகிறார்கள்.