பத்து மார்க் குதிரை

ஒரு கவிதையைப் படிக்காமலேயே பதினெட்டு வருடம் வகுப்பெடுத்தவன், அதைப் படிக்காமலேயே அதைப் பற்றிய நான்கு வாரப் பயிற்சியையும் முடித்துவிடலாம் என்று நம்பினேன். சத்தியமாக நம்பினேன். விசாவுக்குக் கைரேகை வைக்கும்போதுகூட எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

நான் பெங்களூரில் ஒரு டிகிரி காலேஜில் ஆங்கில வாத்தியார். இரண்டாம் வருடப் பாடத்தில் இடைக்கால ஆங்கிலக் கவிதை ஒன்று உண்டு. போர் முடிந்து மனைவியிடம் திரும்பும் ஒரு கிழட்டு வீரனின் கதை. எழுதியவன் யாரென்றே தெரியாது. எங்கள் காலேஜில் அதை மூலத்தில் படிக்கிற வழக்கம் இல்லை. கைடு இருக்கிறது. அதில் சுருக்கமும் எட்டு பாயிண்டும் இருக்கின்றன. நான் நோட்ஸ் சொல்வேன், எண்பது பேர் எழுதுவார்கள், பரீட்சையில் அதையே எனக்குத் திருப்பித் தருவார்கள், நான் மார்க் போடுவேன். எனக்கு முன்பிருந்தவரும் இப்படித்தான். அட்டை கிழிந்த அந்தக் கைடே அவர் விட்டுப்போனதுதான்.

இங்கிலாந்தில் பயிற்சியின் முதல் நாள். பதினாறு பேர் வட்டமாக உட்கார்ந்தோம். பேராசிரியை ஒல்லியான பெண்மணி, ஜூன் மாதத்திலும் கம்பளிச் சட்டை. இந்தக் கவிதையோடு எவ்வளவு காலப் பழக்கம் என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். போலந்துப் பையன் ஒருவன் இரண்டு மாதம் என்றான். அமெரிக்க அம்மா ஒருவர் இப்போதுதான் ஆரம்பம் என்றார். என் முறை வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். “பதினெட்டு வருடம்” என்றேன்.

அவர் கண்கள் விரிந்தன. “அப்படியானால், பழைய எழுத்தும் இலக்கணமும் முடிந்து கவிதைக்குள் நுழையும் மூன்றாவது வாரம் வியாழக்கிழமை வகுப்பை நீங்களே நடத்துங்கள்.”

அறைக்கு ஓடிப்போய் மூலத்தைத் திறந்தேன். நாலு வரியில் பதினோரு வார்த்தை தெரியவில்லை. போதாக்குறைக்கு இன்றைய ஆங்கிலத்திலேயே இல்லாத ஓர் எழுத்து வேறு. மூடிவிட்டேன். மொழிபெயர்ப்பு இருக்குமே என்பீர்கள். இருந்தது, நூலகத்தில் ஒரே ஒரு பிரதி. அதைப் போலந்துக்காரன் முதல் நாளே எடுத்துப் போய்விட்டான். கேட்டிருக்கலாம்தான். பதினெட்டு வருடத்துக்காரன் எந்த முகத்தோடு கேட்பது? தினமும் காலையில் அவனுக்கு டோஸ்ட் எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். நன்றி சொன்னான். புத்தகத்தைத் தரவில்லை.

மனைவியைக் கூப்பிட்டேன். அவள் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவள்.

“இன்னாங்க, பதினெட்டு வருஷமா நடத்தற பாட்டைப் படிச்சதே இல்லையா?”

“கைடு படிச்சிருக்கேன்ல.”

“எங்க லைன்ல பீஸைக் கையில எடுத்துப் பாக்காம ஓகே சீல் குத்தினா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. உங்களை எப்படி வெச்சிருக்காங்க?”

“நீ வேற. டிக்கெட்டை மாத்த முடியுமான்னு பாரேன்.”

“எதுக்கு, பயந்து ஓடி வரதுக்கா? நம்ம ஜோகுபாளையம் பூரா லண்டன் போயிருக்காருன்னு சொல்லி வெச்சிருக்கேன். சும்னே கலாட்டா பண்ணாம உக்காந்து படிங்க.”

நான் இருந்த ஊருக்கும் லண்டனுக்கும் ரயிலில் மூன்று மணி நேரம். அதெல்லாம் அவளுக்கு விஷயமில்லை.

என் வகுப்புக்கு முந்தின நாள், புதன்கிழமை, எனக்கு வயிற்று வலி வந்தது. வரவழைத்தேன் என்பதுதான் சரி. கண்ணாடி முன் நின்று முகத்தைப் பழக்கிக்கொண்டு போய்ப் பேராசிரியையிடம் சொன்னேன். அரை மணி நேரத்தில் வெந்நீர்ப் பையும் பிஸ்கட்டுமாக என் அறைக் கதவைத் தட்டினார். “கவலை வேண்டாம், நாளை உட்கார்ந்துகொண்டே நடத்தலாம்” என்றார். இவ்வளவு நல்ல மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

வியாழன். கைடை நோட்டுக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் விழித்தபோது வாய் தானாகவே காலேஜ் வேலையைத் தொடங்கிவிட்டது. “எழுதிக்கொள்ளுங்கள். பாயிண்ட் நம்பர் ஒன்.”

ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு பேனாவை எடுத்தார்கள். பேராசிரியையும் எடுத்தார். எனக்கு உயிர் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பாயிண்டுகள் ஓடின. ஐந்தாவது எனக்கு மிகவும் பிடித்தது, அதற்கு மட்டும் குரலைத் தாழ்த்துவேன். “வெள்ளைக் குதிரை. அது வீரனின் அகந்தைக்கு அடையாளம். அதைவிட்டு இறங்கும்போதுதான் அவன் மனிதனாகிறான்.”

அமெரிக்க அம்மா கையைத் தூக்கினார். “மன்னிக்க வேண்டும், குதிரை எந்த வரியில் வருகிறது?”

நான் மும்முரமாகப் பக்கங்களைப் புரட்டினேன். கைடின் பக்கங்களை.

“இதில் குதிரையே இல்லையே” என்றான் போலந்துக்காரன், என் கையால் டோஸ்ட் தின்றவன். “முதலிலிருந்து கடைசிவரை அவன் படகில்தானே வருகிறான்? குதிரை இந்தத் தொகுப்பின் அடுத்த கவிதையில் அல்லவா வருகிறது?”

கைடு எழுதிய புண்ணியவான் பக்கத்துக் கவிதைக் குதிரையை இங்கே ஓட்டிவந்து கட்டியிருக்கிறான். அதைப் பத்து மார்க் கேள்வியாக வைத்து, அகந்தையை அடிக்கோடிட்டவர்களுக்கெல்லாம் தாராளமாகப் போட்டிருக்கிறேன். எந்த வருடமோ, ஒரே ஒரு பெண் மட்டும் குதிரை இல்லை, படகுதான் என்று எழுதியிருந்தாள். அவளுக்குச் சுழி போட்டு, ‘ஒழுங்காகப் பாடத்தைப் படி’ என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்து தொலைத்தது.

எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயிறு இப்போது நிஜமாகவே வலித்தது.

“எனக்குத் தெரியாது” என்றேன். “நான் இந்தக் கவிதையைப் படித்ததில்லை.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. பேராசிரியை பேனாவை மூடிவைத்தார். “சரி, படித்துவிடலாம்” என்று முதல் பக்கத்தைத் திறந்தார். ஆளுக்குப் பத்து வரி, வட்டமாக. என் முறை வந்தபோதெல்லாம் நான் தடுக்கி விழுந்தேன். போலந்துக்காரன் பக்கத்திலிருந்து வரியில் விரல் வைத்துக் காட்டினான்.

தேநீர் இடைவேளைக்கு முன்பே கவிதை முடிந்துவிட்டது. மொத்தம் நாற்பது நிமிடம்.