ஹெட்செட் ஓட்டை இல்லாத போன்

எனக்குப் பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. கள்ளக்குறிச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஜன்னலோரம் ஒரு மேசை, ஒரு மைக், என் போன். சான்றிதழுக்கு மனுப் போட்டவர்கள் வெளியே வராந்தாவில் காத்திருப்பார்கள். கையெழுத்தாகித் தயாரான மனுக்களின் எண்களை உள்ளே ரெக்கார்டு பிரிவில் இருப்பவர் தட்டி என் போனுக்கு அனுப்புவார். திரையில் விரலைத் தள்ளினால் போன் ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொல்லும். காதில் விழுந்ததை நான் மைக்கில் சொல்வேன். அந்த எண்ணுக்குரியவர் வந்து வாங்கிக்கொண்டு போவார்.

கேட்பதற்குச் சின்ன வேலைதான். ஆனால் அந்த ஜன்னலுக்கு நான் வந்த பிறகு வராந்தாவில் தள்ளுமுள்ளு நின்றது. ஒரு தடவை சொன்னால் போதும், கடைசி பெஞ்சில் இருப்பவர் வரைக்கும் எண் தெளிவாகப் போய்ச் சேரும். இடது காதில் ஹெட்செட் வயர், வலது காது ஜனங்களுக்கு. போன் ஓர் எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஜன்னலில் ஒருவர் சந்தேகம் கேட்பார். இரண்டையும் விடாமல் பிடிப்பேன். இதில் எனக்குக் கர்வம் உண்டு. மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

வேலை நிரந்தரமானபோது என் தம்பி ஒரு போன் வாங்கி வந்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறான். களமருதூரில் எங்கள் அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போய்த்தான் எங்களைப் படிக்க வைத்தார்கள். அதனால் எங்கள் வீட்டில் புதுப்பொருள் என்றாலே அது ஒரு விசேஷம். தம்பி பெட்டியைப் பிரித்து என் கையில் கொடுத்தான். கண்ணாடி போல வழுவழுவென்று இருந்தது. நான் விரலால் மேலே தடவினேன், கீழே தடவினேன். சார்ஜர் போடும் இடம் இருந்தது. ஹெட்செட் மாட்டும் ஓட்டை மட்டும் எங்கும் அகப்படவில்லை.

ஓட்டை எங்கேடா என்று கேட்டேன். இப்போது வரும் நல்ல போன்களில் அது கிடையாது, எடுத்துவிட்டார்கள் என்று சொல்லி, கூழாங்கல் மாதிரி ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தான். உள்ளே காதில் செருகிக்கொள்ளும் ப்ளூடூத் மணிகள் இரண்டு.

வயரே பரவாயில்லையே என்று இழுத்தேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கவருமெண்டு ஆபீசுல குந்திக்கினு, பிளாஸ்திரி ஒட்டுன வயர மாட்டிக்கினு கீறே. வர்றவன் போறவன் இன்னா நினைப்பான்?" என்றான்.

என் பழைய வயர் இரண்டு இடத்தில் விட்டுப்போய், நான்தான் பிளாஸ்திரி சுற்றி வைத்திருந்தேன். அது அவனுக்கு இவ்வளவு உறுத்தியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. புதுப் போனை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

முதல் நாளே ஒரு விஷயத்தைக் கவனித்தேன். போன் சற்று நேரம் சும்மா இருந்துவிட்டுப் பேசினால், முதல் ஒன்றிரண்டு எழுத்து காதுக்கு வராது. 'வணக்கம்' என்பது 'ணக்கம்' என்று விழும். ப்ளூடூத் தூங்கி எழுந்து வாயைத் திறப்பதற்குள் சொல்லின் தலை போய்விடும். டீ நேரத்தில் இதைச் சொன்னேன். உடனே அலுவலகமே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. டைப்பிஸ்ட் அக்கா என் பக்கம். அவருக்கும் வயர்தான் வேண்டும், சார்ஜ் போட மறந்தாலும் பாட்டு நிற்காது என்றார். ஜீப் டிரைவர் அந்தப் பக்கம். வயர் இருந்தால் கியரில் சிக்குகிறதாம். ரெக்கார்டு பிரிவில் இருப்பவர், அந்த ஓட்டை வழியாகத்தான் போனுக்குள் தண்ணீர் இறங்குகிறது, அதனால்தான் அடைத்துவிட்டார்கள் என்றார். மழையில் நான் எந்தக் காலத்தில் போனை நனைத்தேன் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். எண்ணின் தலை கொஞ்சம் போனாலும் மீதியை வைத்துக் கண்டுபிடித்துவிடுவேன், அதனால் நானும் அதைச் சிரிப்பாகவே விட்டுவிட்டேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

எங்கள் அலுவலகத்தில் வாரத்துக்கு வாரம் மனு எண் ஒன்றிலிருந்து தொடங்கும். மற்ற மாதங்களில் அது நூறைத் தொடாது. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் மட்டும் சாதிச் சான்று, வருமானச் சான்று என்று குவியும். அந்த ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை, நூறைத் தாண்டிய மனுக்கள் முதல்முதலாகக் கையெழுத்தாகி வந்தன.

போன் சொன்னது, நான் கூப்பிட்டேன். "பதினெட்டு." யாரும் வரவில்லை. மூன்று முறை கூப்பிட்டுவிட்டு, ஆள் வெளியே போயிருப்பார் என்று விட்டுவிட்டேன். அடுத்து, "நாற்பத்திரண்டு." ஒரு பெரியவர் வேகமாக வந்தார். பக்கத்து மேசையில் தேடிப் பார்த்து, உங்கள் மனு இன்னும் கையெழுத்துக்கே போகவில்லை என்று சொன்னார்கள். பின்னே எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று அவர் என்னிடம் கேட்டார். ரெக்கார்டு பிரிவில்தான் தப்பாகத் தட்டிவிட்டார்கள் என்று நினைத்து, அவரைச் சமாதானப்படுத்தி உட்கார வைத்தேன்.

மூன்று மணி இருக்கும். ஜன்னலில் ஒரு பெண் குரல். கல்வராயன் மலையிலிருந்து மகளின் சாதிச் சான்றுக்காக வந்தவர். காலையிலிருந்து வராந்தாவில்தான் இருக்கிறார். மலைக்குத் திரும்பும் பஸ் ஒன்று அதற்குள் போய்விட்டது.

"நூத்தி நாப்பத்திரண்டுங்க," என்றார். "எல்லா நம்பரையும் கூப்பிட்டீங்க, என்னுத மட்டும் கூப்பிடலிங்க."

நூத்தி நாப்பத்திரண்டு. காலையில் நான் கூப்பிட்டது நாற்பத்திரண்டு. போனைக் காதுக்கு அருகில் வைத்து, ப்ளூடூத்தை அணைத்து, பட்டியலை மறுபடியும் படிக்கவிட்டேன். நூற்றுப் பதினெட்டு. நூற்று நாற்பத்திரண்டு. வரிசையாக எல்லாவற்றிலும் 'நூற்று' இருந்தது. அந்த மணிகள் அதை மட்டும் அழகாக விழுங்கிவிட்டு மீதியைக் கொடுத்திருக்கின்றன. மீதியும் ஒரு முழு எண்ணாகவே இருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

மைக்கை எடுத்தேன். காலையிலிருந்து எண்களைத் தப்பாகக் கூப்பிட்டது நான்தான், மன்னிக்க வேண்டும், இப்போது சரியாகப் படிக்கிறேன் என்று சொன்னேன். நூற்றுப் பதினெட்டிலிருந்து தொடங்கினேன். பிறகு ஒவ்வொருவராக எழுந்து வந்து வாங்கிக்கொண்டார்கள். நாற்பத்திரண்டாம் எண் பெரியவர் மட்டும் கிளம்பும்போது, போன தடவை வந்தப்ப நல்லாத்தான் கூப்பிட்டே என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மலைக்காரப் பெண்ணை ஜீப் டிரைவர் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய்க் கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார்.

ஐந்து மணிக்குக் கண்காணிப்பாளர் அம்மா கூப்பிட்டார். நல்ல மனுஷி. குரலை உயர்த்தவேயில்லை. "உங்களுக்கு எதுக்குங்க இந்தச் சிரமம்? தபால் பிரிவுல உட்காருங்க. முத்திரை குத்துற வேலை. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க," என்றார்.

அந்த அன்புதான் என்னைச் சுட்டது. தப்பு நடந்தது போனுக்கும் காதுக்கும் நடுவில். அவர் அதை என் கண்ணில் கொண்டுபோய் வைத்துவிட்டார். முத்திரை குத்துவது கேவலமான வேலை இல்லை. ஆனால், 'யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க' என்ற இடத்துக்குப் போவதற்காகவா நான் தேர்வெழுதி வந்தேன்? திங்கட்கிழமை காலை பத்து நிமிடம் கொடுங்கள், அதற்குப் பிறகு நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன் என்று சொன்னேன். சரி என்றார்.

திங்கட்கிழமை பழைய போனையும் பிளாஸ்திரி வயரையும் எடுத்துப் போனேன். இரண்டு போன்களிலும் ஒரே பட்டியலை வைத்து, மற்றவர்களுக்கும் புரியும்படி பேசும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்திருந்தேன். ப்ளூடூத் மணிகளைக் கண்காணிப்பாளர் அம்மாவிடம் கொடுத்துக் காதில் செருகிக்கொள்ளச் சொன்னேன். கொஞ்ச நேரம் வேண்டுமென்றே போனைச் சும்மா விட்டுவிட்டு விரலைத் தள்ளினேன்.

"என்ன கேட்டுச்சுங்க?"

"நாற்பத்திரண்டு."

மணிகளைக் கழற்றி வயரைக் கொடுத்தேன். அதேபோலச் சும்மா விட்டு, விரலைத் தள்ளினேன். "நூற்று நாற்பத்திரண்டு," என்றார். இன்னொரு தடவை போடச் சொன்னார். மறுபடியும் மணிகளைக் கேட்டார். மறுபடியும் வயரைக் கேட்டார். டைப்பிஸ்ட் அக்காவைக் கூப்பிட்டு அவர் காதிலும் வைத்தார். கடைசியில், "நான் தெரியாம பேசிட்டேன். மைக் உங்களோடதுதான்," என்றார். அறையை விட்டு நான் நடந்து வந்த நடை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கைத்தடி தரையைத் தட்டிய சத்தம்கூட அன்றைக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் இருந்தது.

தம்பியிடம் சொல்வதுதான் பாக்கி. போனில் சொன்னேன், புதுசு சரிப்படவில்லை, பழசுக்கே போய்விட்டேன் என்று. ஒரு மாசங்கூட வச்சுக்கலியே என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். வயரையும் ஓட்டையையும் அவனுக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல் நானும் திரும்பக் கூப்பிடவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள், பட்டியல் ஓடிக்கொண்டிருந்தபோது வராந்தாவில் ஒருவர் தொண்டையைச் செருமினார். அது என் தம்பிதான். லீவு போட்டு ஊருக்கு வந்தவன் வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்து, சொல்லாமல் கொள்ளாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். நானும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. நூறைத் தாண்டிய எண்கள் நிறைய இருந்த நாள். ஒன்று விடாமல் கூப்பிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் உள்ளே வந்தான். கோபம் குரலில் இருந்தது. நான் வயரின் ஒரு முனையை அவன் காதில் செருகி, மறுமுனையை என் காதில் வைத்துக்கொண்டு பட்டியலை ஓடவிட்டேன். என் போன் பேசும் வேகம் மற்றவர்கள் கேட்டுப் பழகிய வேகம் இல்லை. வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு அதைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறேன்.

"இன்னா இது?" என்றான். "கோயி கொத்தற மாதிரி கீது. ஒண்ணுமே புரியல."

கோழி கொத்தியதை அப்படியே திருப்பிச் சொன்னேன். பதினோரு எண்களையும், வரிசை மாறாமல். அவன் தன் முனையைக் கழற்றவில்லை. இன்னொரு தடவை வைக்கச் சொன்னான். மறுபடியும் சொன்னேன். பிறகு வேகத்தைக் குறைத்து, அவன் வாங்கிக்கொடுத்த மணிகளில் நூற்று நாற்பத்திரண்டைக் கேட்க வைத்தேன். மலைக்காரப் பெண் காத்திருந்ததைச் சொன்னேன். கண்காணிப்பாளர் அம்மா என்னை எங்கே உட்காரச் சொன்னார் என்பதையும் சொன்னேன்.

அவன் சாப்பாட்டு டப்பாவைத் தொடவேயில்லை. "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல," என்றான். பிறகு, "நான் வயரத்தான் பார்த்தேன். நீ பண்ற வேலைய பாக்கல," என்றான்.

சாயந்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு போன் கடைக்கு இருவரும் போனோம். ஓட்டையுள்ள போன் வேண்டும் என்றதும் கடைக்காரர் சிரித்தார். அதெல்லாம் போயிடுச்சுங்க, உலகமே மாறிக்கினு கீது, ஓட்டைய எடுத்ததாலதான் பேட்டரிக்கு இடமே கிடைச்சுது என்றார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். தம்பி முந்திக்கொண்டான்.

"அண்ணே, எங்க அக்கா ஆபீசுல மைக்குல பேசறது. அது ஒரு நம்பர தப்பா கூப்ட்டா ஒரு ஆளு மலை ஏற முடியாது. உங்க வயர் இல்லாத செட்டு அதுக்கு வந்து பதில் சொல்லுமா?"

கடைக்குள் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்றே அவன் பேசினான். பிளாஸ்திரி வயருக்காகக் கூசியவன் அவன். எனக்குக் காது சூடாகிவிட்டது. கடைக்காரர் குரல் இறங்கி, உள்ளே போய்த் தேடி இரண்டு போன்களைக் கொண்டுவந்து வைத்தார். நான் கட்டைவிரல் நகத்தால் அடிப்பக்கத்தைத் தடவி, ஓட்டை ஆழமாக இருந்ததை எடுத்துக்கொண்டேன். தம்பி கூடவே ஒரு புது வயரும் வாங்கினான். ஓட்டை இல்லாத போனை அவனே வைத்துக்கொண்டான். அவனுக்கு அது ஒத்துப்போகிறது. பாட்டின் முதல் எழுத்து போனால் யாருக்கும் பஸ் தவறாது.

அந்த போன் கம்பெனிக்கு ஒரு மனுவும் எழுதினேன். ஓட்டையை எடுத்தது தப்பு என்று எழுதவில்லை. எங்களைப் போன்றவர்களையும் நினைத்து ஒன்றிரண்டு மாடலிலாவது விட்டு வையுங்கள் என்று, நடந்ததை வரிசையாக எழுதினேன். உங்கள் கருத்து உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது என்று பதில் வந்தது. அந்த வரியை எங்கள் அலுவலகத்திலும் நிறைய எழுதுவோம், அதனால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மனுவின் நகல் என்னிடம் இருக்கிறது. நான் எழுதியதிலேயே நன்றாக வந்தது அது.

அதற்குப் பிறகு இந்த விஷயம் எப்படியோ பரவியது. மாவட்டத்தில் என்னைப் போல வேலை பார்ப்பவர்கள் புதுப் போன் வாங்கும் முன் என்னைக் கேட்கிறார்கள். எந்தெந்த மாடலில் ஓட்டை இருக்கிறது, சார்ஜர் ஓட்டையில் மாட்டும் வயர் எந்தப் போனில் சொதப்புகிறது என்றெல்லாம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். கடைக்குப் போய் விரலால் தடவிப் பார்த்துத்தான் அதில் சேர்ப்பேன். போன வாரம் திருக்கோவிலூரிலிருந்து ஒரு வரலாற்று ஆசிரியர் கூப்பிட்டார். அவருக்கும் பார்வை இல்லை. பாடத்தைக் காதில் கேட்டுக்கொண்டே வகுப்பு நடத்துகிறவர். வருஷங்களைச் சொல்லும்போது ஆயிரம் காணாமல் போகிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்றார். எந்தப் போன் வாங்கலாம், எந்தக் கடையில் இப்போது கிடைக்கிறது என்று சொன்னேன். எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், என் போனும் வேகமாகத்தான் பேசும், நீங்கள் சொல்கிற வேகத்திலேயே சொல்லுங்கள் என்றார்.