பென்சில் எம்

ஐம்பத்தாறு வயதில் நான் பிரசவ லீவில் இருக்கும் செய்தி என் போனைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

அதுவரை எங்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்கு டியூட்டி போட்டது இன்சார்ஜ் சிஸ்டரின் நீள நோட்டு. வீட்டுக்காரர் மைன்ஸில் இருந்தால் அந்த நர்ஸின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு ‘எம்’ போடுவார். அவருக்கு எந்த ஷிப்டோ அதே ஷிப்ட் இவளுக்கும். அப்படிச் செய்யாவிட்டால் நெய்வேலியில் புருஷனும் பெண்டாட்டியும் வாசலில் சாவி மாற்றிக்கொள்வதோடு சரி.

பிறகு டியூட்டி போட ஓர் ஆப் வந்தது. அதற்குள் நோட்டை ஏற்ற வந்த பெண் வெளியூர்க்காரி. எம் என்றால் மெட்டர்னிட்டி, வேறென்ன என்று தட்டிவிட்டுப் போய்விட்டாள். ஆறு பேருக்கு ஒரே நாளில் பிரசவ லீவு. ஆறில் நான்தான் மூத்தவள். என் மகளுக்கே இரண்டு பிள்ளைகள். வார்டில் யாரோ என் மேஜையில் மாங்காய் வைத்திருந்தார்கள். உப்பு தொட்டு முழுசாகத் தின்றேன், விடுவேனா?

வீட்டுக்காரர் போனை வாங்கிப் பார்த்தார். “இன்னா இது, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?”

மறுநாள் அந்தப் பெண் தப்பைத் திருத்தினாள். எம் எல்லாம் அழிந்தது, என் சிரிப்பும் போனது. அவர் ஃபர்ஸ்ட் ஷிப்ட் போனால் ஆப் எனக்கு செகண்ட் ஷிப்ட் போட்டது. நான் வீடு திரும்பும்போது அவர் குறட்டையில் இருப்பார். பிரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டித்தான் குடித்தனம் நடந்தது: ‘மாவு புளிச்சிடுச்சு.’ அவர் ரிட்டயர் ஆக ஐந்து மாதம்தான் இருந்தது. நான் கான்ட்ராக்ட் நர்ஸ், குவார்ட்டர்ஸ் அவர் பேரில். காலி செய்வதற்குள் அந்த அடுக்களையில் அவரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று எனக்கு ஆசை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகை வரும் அளவுக்கு ஆசை.

இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய் நின்றேன். ஆப்பை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

“மைன்ஸுன்னு இதுல கட்டமே இல்லீங்க. ஷிப்ட கேட்டு வாங்கிக்கிற வசதி ஒருத்தருக்குத்தான் இருக்குது.”

“யாருக்குங்க?”

“முழுகாம இருந்துகினு டியூட்டிக்கு வர்றவங்களுக்கு.”

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

“போடுங்க,” என்றேன்.

“பிரசவத் தேதி கேக்குதே!” கொஞ்சம் யோசித்தார். “உங்க வூட்டுக்காரரு என்னிக்கு ரிட்டயரு?”

சொன்னேன். அதையே தட்டினார்.

அடுத்த வாரம் இரண்டு பேருக்கும் செகண்ட் ஷிப்ட். காலையில் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தபோது என் போன் சிணுங்கியது. அவர் எடுத்துப் படித்தார்: ‘வாழ்த்துகள்! இன்னும் இருபது வாரம்.’

கீழே இருந்த பிரசவத் தேதியைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. என் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டார்.

“நல்லா சாப்புடு,” என்றார். “ரெண்டு பேருக்கும் சேத்து.”